ரெண்டே ரெண்டு தோட்டா: கோச் கன் மேல் ஏன் இவ்வளவு மோகம்?

லயன், முத்து காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் காட்சி அத்துப்படி. வறண்ட மலைப்பாதை. குதிரைகள் பூட்டிய கோச் வண்டி ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு வருகிறது. மேலே வண்டிக்காரர். அவர் பக்கத்தில் ஒருவர், மடியில் குட்டையா ஒரு இரட்டைக்குழல் துப்பாக்கி. காலடியில் பணப்பெட்டி. அடுத்த கட்டத்தில் முகமூடிக் கொள்ளையர்கள் வருவார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

அந்தக் குட்டைத் துப்பாக்கிக்குப் பெயர் கோச் கன். விஷயம் என்னன்னா, அந்த வண்டிகள் ஒழிந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆச்சு, ஆனா இந்தத் துப்பாக்கி ஒழியவில்லை. பிரேசிலிலும் துருக்கியிலும் இன்றைக்கும் புதுசு புதுசா செய்கிறார்கள். அமெரிக்காவில் ஆசையா வாங்கி, வாரக் கடைசியில் போய்ச் சுடுகிறார்கள். முப்பது தோட்டா போடுகிற துப்பாக்கி அதே கடையில் பக்கத்து அலமாரியில் இருக்கு. அப்புறம் ஏன் ரெண்டே தோட்டா போடுகிற ஒன்று?

"நமக்கெதுக்கு பாஸ் இதெல்லாம், நாம என்ன துப்பாக்கியா வாங்கப் போறோம்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். ஆனால் இதைத் துப்பாக்கிக் கேள்வியாகப் பார்க்காமல் ஒரு டிசைன் கேள்வியாகப் பாருங்கள். ஒரு மெஷினில் வசதிகளைக் குறைத்தும், மக்கள் அதை அதிகமா விரும்புகிறார்கள் என்றால் அதில் ஏதோ இருக்கு. அதே மெஷினைச் சட்டம் இத்தனை பயத்தோடு அளந்து பார்க்கிறது என்றால் அதிலும் ஏதோ இருக்கு. ரெண்டையும் பார்த்துவிடலாம், வாங்க.

முதலில் அடிப்படை

ஷாட்கன் என்பது வழவழப்பான குழல் கொண்ட துப்பாக்கி. ரைஃபிளில் இருப்பதுபோல் குழலுக்குள் திருகு வரிகள் கிடையாது. ஒரு தோட்டாவுக்குள் ஒரே குண்டுக்குப் பதில், பால்ரஸ் போலச் சின்னச் சின்ன ஈயக் குண்டுகள் நிறைய இருக்கும். சுட்டதும் அவை கூட்டமாகப் பறக்கும்.

"12 போர்" என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த 12 எங்கிருந்து வந்தது தெரியுமா? ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால், ஒரு உருண்டையின் விட்டம் எவ்வளவோ அதுதான் குழலின் உள்விட்டம். ஈயத்தின் அடர்த்தி 11.34 என்று வைத்து நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள், 18.5 மில்லிமீட்டர் வரும். 20 போர் என்றால் உருண்டை சின்னது, குழலும் சின்னது. எண் ஏற ஏற அளவு குறைவது இதனால்தான்.

கோச் கன் என்பது அந்த ஷாட்கன்னின் குட்டை வடிவம். ரெண்டு குழல் பக்கத்துப் பக்கத்தில். பறவை வேட்டைத் துப்பாக்கியின் குழல் 28 அங்குலம், 30 அங்குலம் என்று போகும். கோச் கன்னில் 18 முதல் 20 அங்குலத்தோடு சரி.

வண்டியின் மேல் உட்கார்ந்தவர்

1852-ல் வெல்ஸ் ஃபார்கோ நிறுவனம் தொடங்கியது. கலிஃபோர்னியாவில் தங்கம் கிடைக்க ஆரம்பித்த காலம். தங்கத்தையும் பணத்தையும் ஊருக்கு ஊர் கொண்டுபோக வேண்டும், அதுவும் குதிரை வண்டியில். பெட்டிக்குக் காவலாக ஒருவரை வண்டிக்காரர் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அவருக்குப் பெயர் ஷாட்கன் மெசஞ்சர்.

குலுங்குகிற வண்டியில் உட்கார்ந்துகொண்டு ரைஃபிளால் குறி பார்ப்பது சிரமம். நீளமான குழல் என்றால் வண்டிக்காரர் மேலேயே இடிக்கும். பக்கத்தில் வருகிற ஆளை நிறுத்தினால் போதும், தூரத்தில் இருப்பவனைப் பற்றிக் கவலை இல்லை. இந்த மூன்று தேவைக்கும் பொருந்தியது குட்டை ஷாட்கன்தான். இன்றைக்கும் அமெரிக்கப் பசங்க காரில் முன் சீட்டைப் பிடிக்க "ஷாட்கன்!" என்று கத்துவது இதன் மிச்சம். ஒரு சுவாரசியம்: "ரைடிங் ஷாட்கன்" என்ற சொற்றொடரை ஊருக்கெல்லாம் பரப்பியது அந்த வண்டிகள் இல்லை. பின்னால் வந்த கதைகளும் சினிமாக்களும்தான்.

அந்தக் காலத்தில் இந்தத் துப்பாக்கி எந்தப் பக்கம் நின்றது என்று கேட்டால், ரெண்டு பக்கமும். 1881 அக்டோபர் 26, அரிசோனாவின் டூம்ஸ்டோன் ஊரில் நடந்த ஓ.கே. கொரால் சண்டை சுமார் 30 நொடிதான். அதில் டாம் மெக்லாரியைச் சாய்த்தது டாக் ஹாலிடே கையில் இருந்த குட்டை ஷாட்கன். அவர் படித்தது பல் மருத்துவம்!

எதிர்ப்பக்கத்தில் பிளாக் பார்ட். 1875 முதல் 1883 வரை வெல்ஸ் ஃபார்கோ வண்டிகளைத் தொடர்ந்து மறித்த கொள்ளையன். நடந்தே வருவான், கையில் இரட்டைக்குழல் துப்பாக்கி. ஒரு தடவைகூட அதைச் சுட்டதில்லை. அந்த ரெண்டு ஓட்டைகளையும் நேருக்கு நேர் பார்த்ததுமே வண்டிக்காரர்கள் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். கடைசியில் அவனைப் பிடித்துக் கொடுத்தது துப்பாக்கிச் சண்டை இல்லை. விட்டுவிட்டுப் போன கைக்குட்டையில் இருந்த சலவைக்கடைக் குறி!

சினிமா சொன்ன பொய்

படத்தில் எப்படிக் காட்டுவார்கள்? ஹீரோ குட்டைத் துப்பாக்கியை இடுப்பில் வைத்து ஒரு தடவை சுடுவார். எதிரே நிற்கிற நாலு பேரும் பறப்பார்கள். "குழல் குட்டையானால் குண்டுகள் அகலமாக விரியும், குறியே பார்க்க வேண்டாம்" என்பது அதன் அர்த்தம்.

இது உண்மை இல்லை. குண்டுகள் எவ்வளவு விரியும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது குழலின் நீளம் இல்லை, சோக். அதாவது குழலின் வாய்ப்பக்கம் எவ்வளவு குறுக்கப்பட்டிருக்கிறது என்பது. தோட்டக் குழாயின் நுனியை விரலால் அழுத்தினால் தண்ணீர் ஒடுங்கிப் பாயுமே, கிட்டத்தட்ட அப்படி. பழைய துப்பாக்கியின் குழலை அறுக்கும்போது சோக்கும் சேர்ந்து போய்விடும். அதனால் விரிவு கூடும். பழியோ நீளத்தின் மேல் விழுந்தது.

சோக் இல்லாத குழலுக்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு: ஒரு கஜ தூரத்துக்கு ஒரு அங்குல விரிவு. நம்ம வீட்டு ஹால் 4 மீட்டர் என்று வைத்தால் விரிவு சுமார் 11 சென்டிமீட்டர். ஒரு பெரிய இட்லி அகலம். அவ்ளோதான்! நாலு பேரை விடுங்க, குறி தவறினால் ஒருத்தர் மேலும் படாது.

வேகமும் அப்படித்தான். குழலைக் குறைத்தால் சக்தி பாதியாகிவிடும் என்று நினைப்பார்கள். இன்றைய ஷாட்கன் மருந்து வேகமாக எரிவது. குழலின் தொடக்கப் பகுதியிலேயே முக்கால்வாசி வேலை முடிந்துவிடும். ஒரு அங்குலம் குறைத்தால் இழப்பு நொடிக்கு 5 முதல் 10 அடி. மொத்த வேகமே நொடிக்கு 1200 அடி எனும்போது இது பெரிய விஷயமில்லை.

அப்போ குட்டையா இருந்து என்ன லாபம்?

லாபம் கையில் தெரியும். குழலை ஒரு சீரான கம்பியாக, பின்முனையில் சுழல்வதாக நினைத்துக்கொள்ளுங்கள். மொமெண்ட் ஆஃப் இனர்ஷியா எம்.எல். ஸ்கொயர் பை 3. நீளம் குறைந்தால் நிறையும் சேர்ந்து குறையும், ஆக மொத்தம் நீளத்தின் மும்மடியைப் பொறுத்தது. 28 அங்குலத்தை 20 ஆக்கினால் கிட்டத்தட்ட 36 சதவீதம்தான் மிச்சம். உண்மையான குழல் நுனியை நோக்கி மெலிந்து போகும், அதனால் எண் கொஞ்சம் மாறும். ஆனாலும் சங்கதி புரிந்திருக்கும். சட்டென்று திரும்பும், சட்டென்று நிற்கும்.

இது எல்லா இடத்துக்கும் நல்லதா? இல்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் புதுக்கோட்டையைச் சேர்ந்த பிரித்விராஜ் தொண்டைமான் ட்ராப் போட்டியில் இறங்கினாரே, அந்த ஆட்டத்தில் எல்லோரும் வைத்திருப்பது ஒன்றின் மேல் ஒன்றாகக் குழல் அமைந்த நீளத் துப்பாக்கி. பறக்கிற களிமண் தட்டைத் துரத்தும்போது குழல் நிற்காமல் சீராக நகர வேண்டும். அங்கே இனர்ஷியா நண்பன். கோச் கன்னை எடுத்துக்கொண்டு அங்கே போனால் திணறல்தான்.

இன்னொரு லாபம் இடம். பம்ப் வகைத் துப்பாக்கியில் தோட்டாவை முன்னும் பின்னும் நகர்த்தும் பெட்டி ஒன்று குழலுக்குப் பின்னால் வேண்டும். இரட்டைக்குழலில் அது கிடையாது. அதனால் அதே 20 அங்குலக் குழலோடு மொத்த நீளம் சுமார் 36 அங்குலத்தில் முடிந்துவிடும், பம்ப்பைவிட நாலைந்து அங்குலம் குறைவு.

மூன்றாவது, நம்ம பாஷையில் சொன்னால், ரெடண்டன்சி. நல்ல இரட்டைக்குழல் என்பது ஒரே கட்டையில் பொருத்திய ரெண்டு தனித்தனித் துப்பாக்கி. ரெண்டு குழல், ரெண்டு சுத்தி, ரெண்டு ஊசி, பழைய பாணியில் ரெண்டு விசை. ஒரு தோட்டா வெடிக்கவில்லையா? அடுத்த விசைக்கு விரலை நகர்த்தினால் போதும். எதையும் இழுத்துத் தள்ளி, சிக்கிய தோட்டாவை வெளியே எடுக்கிற வேலை இல்லை.

பிளந்தால் எல்லாம் தெரியும்

இப்போது முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். இதை வைத்திருப்பவர்களுக்குப் பிடித்தது எது என்று என்னைக் கேட்டால், இந்த மெஷின் எதையும் மறைப்பதில்லை என்பதைத்தான் சொல்வேன்.

மேலே இருக்கும் நெம்புகோலைக் கட்டைவிரலால் தள்ளினால் பூட்டு விலகும். கீலில் குழல்கள் கீழே சாயும். ரெண்டு ஓட்டை உங்களைப் பார்க்கும். தோட்டா இருக்கா இல்லையா? கண்ணால் பார்த்தால் தெரியும். குழலுக்குள் துணியோ மண்ணோ அடைத்திருக்கா? வெளிச்சத்தைப் பார்த்துப் பிடித்தால் மறுபக்கம் தெரியும். மேகசின் துப்பாக்கியில், மேகசினைக் கழற்றிய பிறகும் அறைக்குள் ஒரு தோட்டா மிச்சம் இருக்கலாம். "காலின்னு நினைச்சேன்" என்று முடிகிற விபத்துகள் அங்கிருந்துதான் வருகின்றன. பிளந்து கிடக்கும் இரட்டைக்குழலோ பத்தடி தள்ளி நிற்பவருக்கும் தான் சுடாது என்று காட்டிக்கொண்டிருக்கும்.

உள்ளே இருக்கும் வேலைப்பாடும் எளிமைதான். 1875-ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் நிறுவனத்தில் ஆன்சன், டீலி என்ற ரெண்டு பேர் ஒரு அமைப்பைக் கொண்டுவந்தார்கள். குழல் கீழே சாயும் அசைவே உள்ளே சுத்தியை இழுத்து வைத்துவிடும். தனியாகச் செய்ய வேண்டாம். பாக்ஸ்லாக் என்கிற அந்த யோசனை 150 வருஷத்துக்கு அப்புறமும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆனால் எளிமை என்றால் மலிவான வேலை என்று நினைத்துவிடாதீர்கள். ரெண்டு குழலும் ஒரே புள்ளியில் அடிக்க வேண்டும். வலது குழல் சுடும்போது துப்பாக்கி கொஞ்சம் வலப்பக்கம் திரும்பும், இடது சுடும்போது இடப்பக்கம். அதை ஈடுகட்டக் குழல்களை இணையாக வைக்காமல், நுனி நோக்கி நெருங்கி வரும்படி பற்றவைக்கிறார்கள். லண்டனில் கையால் செய்கிற இரட்டைக்குழல் பல்லாயிரம் பவுண்டு விலை போவதற்கு இந்தப் பொறுமையும் ஒரு காரணம். கோச் கன்னில் தூரம் குறைவு, அத்தனை நுணுக்கம் தேவையில்லை. அதனால் சில நூறு டாலரிலேயே ஒன்று கிடைத்துவிடும்.

கடிகாரம் ஓடும்போது

இதைச் சுடும் இடம் என்று ஒன்று வேண்டுமே? 1980-களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் சிலர் கௌபாய் காலத் துப்பாக்கிகளை வைத்துப் போட்டி நடத்த ஆரம்பித்தார்கள். 1987-ல் அது சிங்கிள் ஆக்‌ஷன் ஷூட்டிங் சொசைட்டி என்ற அமைப்பாக ஆனது. கலந்துகொள்பவர்கள் அந்தக் கால உடையில் வர வேண்டும், ஆளுக்கொரு புனைபெயர் வைத்துக்கொள்ள வேண்டும். ரெண்டு ரிவால்வர், ஒரு லீவர் ரைஃபிள், ஒரு ஷாட்கன் என்று நாலு துப்பாக்கி. இரும்புத் தட்டுகளைக் கீழே சாய்க்க வேண்டும். எடுத்துக்கொண்ட நேரம்தான் மதிப்பெண். ஒரு குறி தவறினால் 5 நொடி கூடும்.

இங்கேதான் கோச் கன்னின் மவுசு. ஷாட்கன் காலியாகத் திறந்து கிடக்கும் நிலையில்தான் தொடங்க வேண்டும். இடுப்பு பெல்ட்டிலிருந்து ஒரே பிடியில் ரெண்டு தோட்டாவை எடு, ஒரே தள்ளலில் ரெண்டு ஓட்டையிலும் போடு, மூடு, சுடு, சுடு, திற, பின்னால் ஒரு வெட்டு வெட்டி வெற்று உறைகளை உதறு, அடுத்த ரெண்டு. உறையைத் தானாகத் தூக்கி எறியும் எஜெக்டர் இருக்கக் கூடாது என்பது விதி. ஆக வேகம் முழுக்க உங்கள் கையில். பரோட்டா மாஸ்டர் கை ஓடுவதைப் பார்த்திருப்பீர்களே, அதே கதை. ஆயிரம் தடவை செய்து கை தானாகக் கற்றுக்கொள்ளும் வேலை.

வேடிக்கை என்னன்னா, 1897 மாடல் வின்செஸ்டர் பம்ப் துப்பாக்கிக்கும் அங்கே அனுமதி உண்டு. அதில் அதிகத் தோட்டா பிடிக்கும். ஆனால் அதிலும் ஒரு நேரத்தில் ரெண்டுக்கு மேல் போடக்கூடாது என்று கட்டிப்போட்டுவிட்டார்கள். ஆட்டத்தின் ருசியே அந்தக் குறைவில்தான் இருக்கு என்று அவர்களுக்குத் தெரியும்.

உதை வாங்காமல் முடியாது

நல்லதை மட்டும் சொன்னால் கட்டுரை விளம்பரமாகிவிடும். 32 கிராம் ஈயம் நொடிக்கு 365 மீட்டரில் கிளம்பினால் உந்தம் சுமார் 11.7. துப்பாக்கியின் எடை 3 கிலோ. அப்படியென்றால் அது நொடிக்கு 3.9 மீட்டரில் உங்கள் தோளை நோக்கி வரும், சுமார் 23 ஜூல். வாயுவும் அடைப்பும் தருவது இதற்கு மேல். 24 கிராம் தோட்டா போட்டால் ஈயம் கால்பங்குதான் குறையும், ஆனால் உதையின் ஆற்றல் 44 சதவீதம் குறையும், ஏனென்றால் இங்கே வர்க்கம் விளையாடுகிறது. அதே வர்க்கம் திருப்பியும் அடிக்கும். விரல் தவறி ரெண்டு விசையையும் ஒன்றாக அழுத்தினால் உந்தம் இருமடங்கு, ஆற்றல் நாலு மடங்கு. படத்தில் ரெண்டு குழலையும் சேர்த்துச் சுடும் ஹீரோவின் தோள்பட்டையை நினைத்தால் பாவமாக இருக்கும்.

18 அங்குலக் கோடு

இத்தனை நேரம் பேசிய குட்டைத்தன்மைக்கு மறுபக்கம் ஒன்று இருக்கு. குட்டையான துப்பாக்கி கோட்டுக்குள் ஒளியும். சிசிலியில் ஓநாய்களை விரட்ட மேய்ப்பர்கள் வைத்திருந்த குட்டை இரட்டைக்குழலுக்கு லூப்பாரா என்று பெயர். அதே சொல் பின்னால் மாஃபியாக் கொலைகளின் பெயராகவும் ஆகிப்போனது. அமெரிக்காவிலும் வேட்டைத் துப்பாக்கியின் குழலை அறுத்துக் கொள்ளைக்கு எடுத்துப் போனார்கள்.

1934-ல் அமெரிக்கா தேசியத் துப்பாக்கிச் சட்டம் போட்டது. ஷாட்கன் குழல் 18 அங்குலத்துக்குக் குறைந்தால் அரசிடம் பதிவு செய்ய வேண்டும், கைமாற்றினால் 200 டாலர் வரி கட்ட வேண்டும் என்றது. அன்றைக்கு ஒரு சாதாரண ஷாட்கன்னின் விலையைப்போல் பல மடங்கு அது. பதிவில்லாமல் வைத்திருந்தால் இன்று 10 வருஷம் வரை சிறை. ஜாக் மில்லர் என்பவர் அப்படி ஒரு இரட்டைக்குழலை ஒக்லஹோமாவிலிருந்து ஆர்கன்சாவுக்குக் கொண்டுபோன வழக்குதான் 1939-ல் உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆயுத உரிமை பற்றி அந்த நாட்டில் எப்போது வாதம் நடந்தாலும் இந்த வழக்கு வந்து நிற்கும். தீர்ப்பு சட்டத்தின் பக்கம்.

இன்னொரு கதை கனமானது. ஐடஹோ மாநிலத்தின் ராண்டி வீவர், குழல் குறைக்கப்பட்ட ரெண்டு ஷாட்கன்களை அரசு உளவாளிக்கு விற்றதாக வழக்கு. அவர் நீதிமன்றத்துக்கு வரவில்லை. 1992 ஆகஸ்டில் ரூபி ரிட்ஜ் என்ற இடத்தில் அவர் வீட்டை 11 நாள் முற்றுகையிட்டார்கள். ஒரு மார்ஷல், வீவரின் 14 வயது மகன், அவர் மனைவி என மூன்று பேர் செத்தார்கள். அடுத்த வருஷம் ஜூரி அந்தத் துப்பாக்கிக் குற்றச்சாட்டிலிருந்து வீவரை விடுவித்தது. சில அங்குல இரும்பில் தொடங்கிய விவகாரம்.

நம்ம நாட்டிலும் கோடு உண்டு. 1959 ஆயுதச் சட்டம், தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ லைசென்ஸ் தருவதைப் பேசும் பிரிவில், குழல் 20 அங்குலத்துக்குக் குறையாத வழவழப்புக் குழல் துப்பாக்கியைத்தான் தனியாகக் குறிப்பிடுகிறது. குழலைக் குட்டையாக்க வேண்டுமென்றால் அதற்கே தனி லைசென்ஸ் வேண்டும். வெளியே துப்பாக்கி தெரிய வேண்டும் என்பதுதான் ரெண்டு நாட்டுச் சட்டத்துக்கும் உள்ள கவலை.

இப்போது ரெண்டையும் சேர்த்துப் பாருங்கள். இந்தத் துப்பாக்கியை விரும்புகிறவர்களுக்குப் பிடித்தது, திறந்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது என்பது. சட்டத்துக்குப் பயம், இன்னும் கொஞ்சம் அறுத்தால் கண்ணுக்கே தெரியாமல் போய்விடும் என்பது. மைதானத்தில் பிளந்து கிடக்கும் 20 அங்குலமும், கோட்டுக்குள் போன 12 அங்குலமும் ஒரே டிசைன், ஒரே பாகங்கள். நாளைக்கு நீங்கள் எந்த மெஷினை டிசைன் செய்தாலும், அது என்ன நிலையில் இருக்கு என்பது பக்கத்தில் நிற்பவருக்கும் தெரிகிறதா என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கேள்விக்கு இந்தப் பழைய துப்பாக்கி நன்றாகவே பதில் சொல்லியிருக்கு.

அடுத்த தடவை பேங்க் வாசலில் செக்யூரிட்டி அண்ணன் தோளில் இரட்டைக்குழல் தொங்குவதைப் பார்த்தால் குழல் எவ்வளவு நீளம் என்று கவனியுங்கள். தள்ளி நின்றே கவனியுங்கள், உற்றுப் பார்த்தால் அவர் வேற மாதிரி நினைப்பார்! அடுத்த தடவை வெஸ்டர்ன் படம் போட்டால், ஹீரோ தோட்டா மாற்றாமல் எத்தனை தடவை சுடுகிறார் என்று எண்ணுங்கள். மூணு வந்தால் சிரிக்கலாம், தப்பில்லை.